நான்கு வசனக் கடிதங்கள்

அந்தப் புத்தகத்தின் முதுகு சிவப்புத் துணி. மட்டை கறுப்பு. மூலைகள் தேய்ந்து, உள்ளேயிருந்த காகிதம் பஞ்சுபோல வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரக் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை. அதன்மேல் மூக்குக்கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, தண்ணீர்க் குவளை, பிறகு அந்தப் புத்தகம். வேலைக்குப் போன முதல் நாள் தூசி துடைக்க அதைத் தூக்கியபோது பைபிள் என்றுதான் நினைத்தேன். நான் போய்ப் பார்த்த முதியவர்களின் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தடித்த புத்தகம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். விரல் பட்டு ஒரு பக்கம் திறந்துவிட்டது. உள்ளே கையால் கோடிட்ட ஐந்து நிரல்கள். திகதி, பெயர், குற்றம், எத்தனை அடி, கையெழுத்து. என்னுடையது இலங்கையில் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோன ஆங்கிலம். என்றாலும் அந்தப் பக்கத்தை வாசிக்க அது போதுமாக இருந்தது. 'வகுப்பில் பேசியது, இரண்டு.' 'பொய் சொன்னது, மூன்று.' அதற்குக் கீழே அதே பிள்ளையின் பெயர், அடுத்த நாள் திகதி. 'மறுபடியும் பொய் சொன்னது, நான்கு.' எல்லா வரிகளின் முடிவிலும் ஒரே கையெழுத்து.

மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன். கதிரையில் இருந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். "எதற்கு?" என்று கேட்டார். நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் அழைத்தார்கள். தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மருந்து கொண்டுவருபவர், எல்லோரும். நானும் அப்படியே அழைத்தேன். வயது தொண்ணூற்றிரண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை ஊரில் தலைமையாசிரியையாக இருந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு மாடியில்லாத சிறிய வீட்டில், தன் தங்கையின் மகளோடு இருந்தார். எங்கள் முறையில் சொன்னால் பெறாமகள். அந்தப் பெறாமகளுக்கும் எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். பதினொரு வருடங்களுக்கு முன்னர் அவர்தான் பெரியம்மாவை இங்கே அழைத்து வைத்துக்கொண்டார். முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது என் வேலை. கிழமையில் மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை. குளிக்க உதவுவேன், தலை வாருவேன், உடுப்பு மாற்றுவேன், முட்டை சாப்பிட வைப்பேன். முட்டையைப் பெறாமகளே அவித்துத் தருவார். அந்த வேலையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

பராமரிக்கப் போகும் இடத்தில் சொந்த விஷயங்களைக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. எனக்கு அந்த விதி தேவையில்லை. நான் சிறு வயதிலிருந்தே வாய் திறக்கப் பயப்படுபவள். வகுப்பில் விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்று பேசாமல் இருந்ததற்காக அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் பேசாதவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குளிக்க வைக்கும்போது அந்த மெல்லிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கைதானா என்று யோசித்திருக்கிறேன்.

வீட்டின் நடைபாதைச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று பள்ளிக்கூடப் படம், நான்கு வரிசையில் பிள்ளைகள், கீழே சிறிய எழுத்தில் பெயர்கள். மற்றது பத்திரிகையில் வந்த படம். மேடையில் நின்று மிஸ் ஒரு புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார். எந்தப் புத்தகம் என்று அதன் மூலைகளைப் பார்த்தே கண்டுபிடித்தேன். பெறாமகள் பின்னால் வந்து நின்று, "பெரியம்மா அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிரம்பை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முட்டை எறிந்தார்கள், துப்பினார்கள். ஒரு நாளும் நிறுத்தவில்லை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் இடது புருவத்தைத் தடவிக்கொண்டார். அந்தப் புருவத்தில் ஒரு பழைய தழும்பு வெட்டிக்கொண்டு போகும்.

எனக்கு விளங்கவில்லை. பிரம்புக்கு எதிராக ஊர் ஊராகப் போனவர், தான் அடித்த அடிகளின் கணக்கை ஏன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்? இதைக் கேட்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. உண்மையில் கேட்கவும் இல்லை. ஒரு காலை அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கண் அந்த மேசைக்குப் போய் வந்ததை அவர் கண்டுவிட்டார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்குள் தமிழாகவே நிற்கிறது.

தொடக்கத்தில் எல்லோரையும் போலத் தானும் அடித்ததாகச் சொன்னார். ஒரு நாள் கை நீட்டிய பிள்ளையின் உள்ளங்கையில் மை இருந்ததாம். அடித்த பிறகு பிரம்பின் நுனியிலும் மை. பிரம்பைக் கழுவத் தண்ணீர்க் குழாயைத் திறந்தவர், என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தாராம். அதன்பிறகு பிரம்பைத் தொடவில்லை. சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். மேடையில் இந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இதிலுள்ள கையெழுத்தெல்லாம் என்னுடையது" என்பாராம். சபை கைதட்டும். "அந்தக் கைதட்டு எனக்குப் பிடித்திருந்தது" என்று சொன்னார். ஒரு கூட்டத்தில் பின் வரிசையிலிருந்து லொறிச் சாரதி ஒருவர் எழும்பி, "மிஸ், என் பெயர் அதில் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். மிஸ் தேடிப் பார்த்தார், இருந்தது. "அப்படியென்றால் அதைக் காட்டி இவர்களிடம் ஏன் கைதட்டு வாங்குகிறீர்கள்? என்னிடம் நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றாராம் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு புத்தகம் மேடை ஏறவில்லை. அடுத்த நாளே அந்தச் சாரதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறகு ஒவ்வொரு பெயருக்கும். இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். கூட்டங்கள் நின்று, சட்டம் வந்து, பிரம்பு போய், அவரை ஊர் மறந்த பிறகும் கடிதம் மட்டும் நிற்கவில்லை. முகவரி தேடிக் கொடுத்தவர் அதே சாரதிதான். கனடா வந்த பிறகும் அவரிடமிருந்து முகவரிகள் வந்துகொண்டிருந்தன. கடிதம் போன பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு கோடு. பதில் வந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

நான் போன காலத்தில் மிஸ்ஸின் விரல்கள் மடங்கிவிட்டன. பேனை பிடிக்க முடியாது. பெறாமகளிடம் எழுதித் தரச் சொல்ல அவருக்கு மனமில்லை என்பதை மட்டும் கவனித்தேன், காரணம் அப்போது தெரியாது. ஒரு நாள் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்துவிட்டு, "உன்னுடைய எழுத்து இவ்வளவு அழகா?" என்றார். அது ஒன்றுதான் என்னிடம் இருந்த கெட்டித்தனம். அப்படித்தான் நான் அவருடைய கடிதங்களை எழுதத் தொடங்கினேன். தெரியாத சொற்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், நான் எழுதுவேன்.

எல்லாக் கடிதமும் நான்கு வசனம், நான்கே வாக்கியம். முதல் வசனம், எந்த நாளில் எத்தனை அடி அடித்தேன். இரண்டாவது, என்ன காரணம் என்று புத்தகத்தில் எழுதினேன். மூன்றாவது, நான் செய்தது பிழை. நான்காவது, நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. அவ்வளவுதான். ஒரு நாள் துணிந்து, "அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாமே" என்றேன். "எல்லோரும் அடித்தார்கள் என்றால் எல்லோரும் எழுதட்டும். இது என் கடிதம்" என்றார்.

பதில்கள் வரும் நாள்களை நான் எதிர்பார்க்கத் தொடங்கினேன். உறையை வெட்டி நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒருவர், 'நீங்கள் எழுதியது செவ்வாய். அது திங்கள், எனக்கு அன்றைக்குக் காலில் புதுச் சப்பாத்து' என்று எழுதியிருந்தார். ஒரு பெண், 'நான் பேசவில்லை, பக்கத்தில் இருந்தவள்தான் பேசினாள், அறுபது வருடமாக இதைச் சொல்லக் காத்திருந்தேன்' என்று இரண்டு பக்கம் எழுதினார். ஒருவர் மிஸ் செத்துப்போயிருப்பார் என்று நினைத்து மகிழ்ந்திருந்ததாக எழுதினார். அதைக் கேட்டு மிஸ் சிரித்தார். அவரைத் தாக்கியது வேறொரு கடிதம். 'மன்னிக்கவும், உங்களை எனக்கு நினைவில்லை.' அன்றைக்கு முட்டையை அப்படியே வைத்துவிட்டார்.

எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். அடித்தவரிடம் புத்தகமே இருந்தது, திகதி இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனாலும் அடி வாங்கியவர்கள்தான் திருத்தினார்கள். மழை பெய்ததா, யார் பக்கத்தில் நின்றார்கள், கை எந்தக் கை, எல்லாம் அவர்களிடம்தான் இருந்தது.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் இதையெல்லாம் என் கணவரிடம் சொல்வேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"எனக்கு அடிச்ச வாத்திமார் எல்லாரும் கடிதம் எழுத வெளிக்கிட்டா, தபால்காரன் வேலையை விட்டிட்டு ஓடிடுவான். நீர் உந்தக் கிழவிக்குச் சொல்லும், அடி வாங்கினபடியாத்தான் நாங்கள் எல்லாம் மனுசரா வந்தனாங்கள் எண்டு."

"மனுசரா வந்தமோ, ஸ்காபரோவுக்கு வந்தமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு ரீவியைப் போட்டார்.

மிஸ் சுலபமான மனிதர் இல்லை. லொத்தர்ச் சீட்டு வாங்குவது, அடுத்தவரைப் பற்றிக் கதைப்பது, தேநீருக்கு இரண்டாவது கரண்டி சீனி, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்பிள் முழுவதையும் சாப்பிட்டபோது நான் 'நல்ல பிள்ளை' என்றுவிட்டேன். பசித்துச் சாப்பிட்டதற்கு நல்ல பிள்ளைப் பட்டம் எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கம். எல்லாவற்றையும்விட என் 'சொறி'தான் அவருக்குப் பிடிக்காது. இந்த நகரத்தில் வந்திறங்கிய நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கும் சொல் அது. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமும் நான்தான் சொறி சொல்வேன். "செய்யாததற்கெல்லாம் கேட்டு அந்தச் சொல்லைத் தேய்த்துவிடாதே. செய்ததற்குக் கேட்க வேண்டிய நாளில் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது" என்றார். ஒரு நாளைக்கு முப்பது பேரிடமாவது சொறி சொல்கிறேன், யாரிடம் சொன்னதில்லை என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். விடை உடனே வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

என் மகளிடம்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினான்காவது மாடியில் இருந்தோம். பாடசாலையிலிருந்து வரும் ஆங்கிலப் படிவங்களை நான் நாளைக்கு நாளைக்கு என்று குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போட்டுவிடுவேன். வாசிக்கக் கூச்சம், யாரிடமும் கேட்கவும் கூச்சம். வகுப்பு முழுவதும் நீச்சல் குளத்துக்குப் போகும் நாளுக்கு ஒரு படிவம் வந்து, அதுவும் அங்கேயே கிடந்தது. கடைசி நாளில் அவளே அதை எடுத்து என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பின்னர் அதன் பிரதி என் கண்ணில் பட்டது. என் எழுத்து அச்சாக அப்படியே இருந்தது. கேட்டேன். நீங்கள்தான் போட்டீர்கள், மறந்துவிட்டீர்கள் என்றாள். சமைத்துக்கொண்டிருந்த கையில் அகப்பை. பொய் சொல்லுவியா என்று கேட்டுக் கேட்டு அகப்பைக் காம்பால் நாலு அடி. முழங்கைக்குக் கீழே தடித்துவிட்டது.

அடுத்த நாள் காலை அந்தத் தடிப்பைக் கண்டதும் எனக்குப் பிடித்தது கவலை அல்ல, பயம். ரீச்சர் கண்டால் அரசாங்க ஆட்கள் வருவார்கள், பிள்ளையைக் கொண்டுபோவார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் பேசிக்கொண்ட கதை அது. நீளக்கைச் சட்டை போட்டுவிட்டு, முழங்காலில் இருந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ரீச்சர் கேட்டா, படியில விழுந்தனான் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத. விளங்கினதே?" அவள் தலையாட்டினாள். யாரும் வரவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பொய் எங்களைக் காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். பொய் சொன்னதற்காக அடித்துவிட்டு, விடிந்ததும் பொய் சொல்லிக்கொடுத்தேன் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

அவள் வளர்ந்தாள், படித்தாள், கலியாணம் செய்தாள், யூனியன்வில்லில் வீடு வாங்கினாள். என்னோடு ஒரு சண்டையும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவாள். ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மரியாதை இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அவ்வளவு மரியாதை இருக்கக்கூடாது. நான் மிஸ்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்தது. வேலையை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளையை நான் பார்க்கிறேன் என்றேன்.

"இல்லை அம்மா, டேகேர்ல பேர் குடுத்திட்டம். வெயிட்டிங் லிஸ்ட் நீளம், அதான் இப்பவே."

"ஏன் பிள்ளை, நான் இருக்கிறன் தானே?"

"இட்ஸ் ஓகே அம்மா. உங்களுக்கும் கஷ்டம்."

எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்கவில்லை. அவள் கண் ஒரு கணம் அடுப்பு மேடைக்குப் போய் வந்ததுபோல இருந்தது. போகாமலும் இருந்திருக்கலாம். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இல்லாததும் தெரியும்.

புத்தகத்தில் கோடு விழாத பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது. நடுப் பக்கம் ஒன்றில், ஒரு பிள்ளையின் முதலெழுத்தும் எனக்குத் தெரியாத ஒரு குடும்பப் பெயரும். 'காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சிரித்தது, ஆறு.' புத்தகம் முழுவதிலும் ஆறு என்று வேறெங்கும் இல்லை. சிரித்ததற்கு ஏன் ஆறு? ஏன் கடிதம் போகவில்லை? செத்துப்போன பிள்ளையோ என்று நினைத்தேன். இல்லை, இறந்தவர்களுக்கு அவர் ஒரு சிறு சிலுவை போட்டிருந்தார். மூன்று கிழமை அந்தப் பெயரோடு நடந்து திரிந்தேன். நடைபாதைப் படத்தைத் துடைக்கும்போது கீழேயிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தப் பெயர், இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது பிள்ளை. பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது.

குசினியில் பெறாமகள் முட்டைக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

மிஸ்ஸின் புத்தகத்தைத் துடைத்து வைக்கும்போது ஒரு கடதாசித் துண்டை அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். தெரிந்துதான் வைத்தாயா என்று கேட்டால், ஓம், தெரிந்துதான் வைத்தேன். அடுத்த முறை போனபோது துண்டு அவருடைய விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"கண்டுபிடித்துவிட்டாய்" என்றார்.

தங்கையின் மகள் தன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் பள்ளித் தவணை அது. தலைமையாசிரியையின் வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு என்றால் அவளுக்கு ஆறு. "தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம். தினமும் எனக்கு முட்டை அவித்துத் தருபவளுக்கு எப்படி அனுப்புவது?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் யோசிக்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். "அவவுக்கும் தபாலில்தான்" என்றேன்.

மற்றக் கடிதங்கள் பத்து நிமிடத்தில் முடியும். இதற்கு இரண்டு காலைகள் போயின. மூன்றாவது வசனத்தில் அவர் நின்றுவிட்டார். இருநூறு தடவை சொன்ன வசனம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், நானும் பேனையோடு இருந்தேன். கடைசியில் சொன்னபோது குரல் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்து எழுதினேன். முத்திரை ஒட்டி, நான் இருந்து எழுதிய அதே வீட்டின் முகவரியை உறையில் எழுதி, பஸ் தரிப்புக்குப் பக்கத்திலிருந்த சிவப்புத் தபால்பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன். எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு நூறு மீற்றர் தூரத்துக்குத் திரும்பி வரப்போகிற கடிதம்.

அது வந்த காலையில் நான் அங்கேதான் இருந்தேன். பனி உருகிச் சேறாகக் கிடந்த மார்ச் மாதம். பெறாமகள் பூட்ஸோடு போய்த் தபாலை எடுத்தார். வாசலில் நின்றே பிரித்தார். பிறகு வீட்டுக்குள் வராமல் காருக்குள் ஏறி இருந்தார்.

"அவள் எங்கே?" என்று மிஸ் கேட்டார்.

"காருக்குள்."

"கார் ஓடுகிறதா?"

"இல்லை. நிற்கிறது."

பாண் துண்டுகளுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். நான்கு துண்டு பூசிவிட்டேன், சாப்பிட ஆளில்லை. கதவு திறந்தது. சேற்றுப் பூட்ஸோடு அவர் நேரே கம்பளத்தில் நடந்து வந்தார். ஒரு நாளும் அப்படிச் செய்யாதவர்.

"பதினொரு வருடமாக உங்களைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன். ஒரு முறையாவது காரில் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மிஸ்.

"பிறகு, இது பிழை. ஆறு இல்லை, ஐந்து. ஆறாவதுக்குக் கையை ஓங்கினீர்கள். ஜன்னலைப் பார்த்தீர்கள். பிறகு பிரம்பை வைத்துவிட்டீர்கள். நான் ஐந்து வாங்கினேன். நீங்கள்தான் ஆறு என்று எழுதினீர்கள்."

மிஸ் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்து அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். எத்தனை அடி என்ற அந்த நிரலை, தன் கையெழுத்தை. இத்தனை வருடம் இந்தப் புத்தகத்தைத்தான் உண்மை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐந்தா?"

"ஐந்து."

பெறாமகள் கதிரையின் கைப்பிடியில் சாய்ந்து, குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். நான் பாண் தட்டைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கம்பளம் துடைக்கத் துணி எடுக்கப் போனேன். அந்தத் துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் தேடினேன்.

எட்டு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. அதுவும் முத்திரை ஒட்டி, தபாலில்தான். வழக்கம்போல் உறையை வெட்டிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மிஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பூதக்கண்ணாடியோடு தானே வாசித்தார். வாசித்துவிட்டுப் போர்வைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டு வட்டமும் போடச் சொன்னார். ஆறு என்றதை வெட்டச் சொல்லவில்லை. "என் பொய்யும் அங்கே இருக்கட்டும்" என்றார்.

கோடை தொடங்கியபோது மிஸ் போய்விட்டார். பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர். ஆனால் வெளிநாட்டு முத்திரையோடு அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அந்த ஊரில், புதுச் சப்பாத்துக்காரர் உட்பட, செய்தி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று பெறாமகள் என்னிடம் கேட்டார். மீதியிருந்த கடிதத்தாளைக் கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தத் தாள் என் அலுமாரியில் ஆறு கிழமை கிடந்தது. மகளுக்கு எட்டாவது மாதம். தமிழில் எழுதினால் அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கவேண்டும், ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகவேண்டும். அவ்வளவு நேரம் அவளை அதற்குள் வைத்திருக்க எனக்கு மனமில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினேன். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

'உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நீச்சல் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பொய் சொன்னதற்காக, உன்னை அகப்பைக் காம்பால் நாலு அடி அடித்தேன். அடுத்த நாள் ரீச்சர் கேட்டால் படியில் விழுந்தேன் என்று பொய் சொல்லச் சொன்னேன். இரண்டும் நான் செய்த பிழை. நீ பதில் எழுத வேண்டியதில்லை.'

ஞாயிறு வருபவளுக்குச் செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டேன். கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நானும் உள்ளுக்கதான் இருந்தனான். வந்து தடுக்கேல்லை. அதையும் எழுதினீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் சொல்லுறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

"அம்மா, லெட்டர் வந்தது."

"ம்."

நான் சொறி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"படியில எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"ஓம் பிள்ளை. நான் அப்பிடித்தானே சொல்லச் சொன்னனான்."

"நாங்கள் ஃபோர்ட்டீன்த் ஃப்ளோர் அம்மா. ஆர் படியால போறது? ரீச்சருக்கு எங்கட பில்டிங் தெரியும். படியெண்டு சொன்னா அவ நம்பமாட்டா. பிறகு உங்களைக் கூப்பிடுவினம், நீங்கள் இங்கிலீஷ்ல கதைக்க வேணும், நீங்கள் அழுதுடுவீங்கள். அதால நான் பார்க்ல மங்கி பார்ஸால விழுந்தனான் எண்டு சொன்னன். எந்தக் கம்பி, எப்பிடிக் கை அடிபட்டது, எல்லாம் சொன்னனான். ஷி பிலீவ்ட் மி."

இருபது வருடமாக அந்த வீட்டைக் காப்பாற்றியது என் பொய் என்று நினைத்திருந்தேன்.

"ஆரிட்டையும் சொல்லேல்லை" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய வழக்கமான குரலில், "டேகேர் டேகேர்தான் அம்மா, பேர் குடுத்தாச்சு. ஆனா வெள்ளிக்கிழமைகளில நீங்கள் வாங்கோ. வெள்ளிக்கிழமை உங்கட" என்றாள்.

வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு இப்போதும் இடைக்கிடை போகிறேன். வேலைக்கு இல்லை, தேநீருக்கு. பெறாமகள் எனக்கும் ஒரு முட்டை அவிப்பார். ஜன்னலோரக் கதிரையும் சிறிய மேசையும் அப்படியே இருக்கின்றன. மூக்குக்கண்ணாடி இல்லை, தண்ணீர்க் குவளை இல்லை, புத்தகம் இருக்கிறது. போன மாதம் அவரிடம் கேட்டுவிட்டு அதைத் திறந்தேன். கேட்டுத் திறந்தது அதுதான் முதல் தடவை. எல்லாப் பெயர்களுக்கும் நேரே பென்சில் கோடோ சிலுவையோ இருந்தது. நான் தேடியது முதல் நாள் என் விரல் பட்டுத் திறந்த பக்கத்தை. 'பொய் சொன்னது, மூன்று.' அதற்குக் கீழே அதே பிள்ளை, அடுத்த நாள். 'மறுபடியும் பொய் சொன்னது, நான்கு.'

அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் இல்லை. அந்தப் பிள்ளை பதில் எழுதவில்லை. இரண்டாம் நாள் அது யாரைக் காப்பாற்றப் பொய் சொன்னது என்று யோசித்துக்கொண்டு, முட்டை ஆறும்வரை அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.